நெஞ்சுக்குப் பதிலாக ஒரு ஜாடி

சென்ற மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காக, நான் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கருவிகள் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். மேசையில் புதிதாக ஒரு சோதனைக் கருவி இருந்தது, கனமான புத்தகம் அளவுக்கு. ஷாக் மிஷினின் இரண்டு கைப்பிடிகளையும் அதன் மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார்கள். எவ்வளவு மின்சக்தி வெளியே வந்தது, எத்தனை நொடியில் வந்தது என்பதெல்லாம் சீட்டாக அச்சடித்து வந்தது. இரண்டே நிமிடம். அந்தச் சீட்டைக் கிழித்துக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்:

"இது வர்றதுக்கு முந்தி மிஷின் சரியா இருக்குன்னு எப்படிண்ணே தெரிஞ்சுக்குவீங்க?"

"தெரிஞ்சுக்கலம்மா. நம்பிக்கிட்டு இருந்தோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பிறகு அரை மணி நேரம் பேசினேன். பேசியதை எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அதனால்தான் இது.

முதலில் அந்த மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பில் சில சமயம் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். கரையில் எடுத்துப் போட்ட மீன் நடுங்குவதுபோல. அப்போது ரத்தம் ஓடாது. சில நிமிடம்தான் அவகாசம். நெஞ்சின் மேல் இரண்டு உலோகத் தட்டுகளை அழுத்திப் பிடித்து, கண் சிமிட்டுவதற்குள் பெரிய மின்சாரம் ஒன்றைப் பாய்ச்சினால் அந்த நடுக்கம் நின்று, இதயம் தன் துடிப்புக்குத் திரும்பலாம். மின்சாரத்தை ஒரு பெரிய கண்டன்சரில் சேர்த்து வைத்துக்கொண்டு, அழுத்தியவுடன் மொத்தமாகக் கொட்டுவதுதான் ஷாக் மிஷினின் வேலை. எவ்வளவு கொட்டுகிறது என்பதை ஜூல் என்ற கணக்கில் சொல்வார்கள். பெரியவர்களுக்கு முதலில் இருநூறு ஜூல் வைப்பார்கள். அதில் திரும்பாவிட்டால் முந்நூற்று அறுபது.

எனக்குச் சொந்த ஊர் சாணார்பட்டிப் பக்கம். அப்பா பயிர் வைத்தவர். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படிப்பு முடித்து, பேகம்பூரில் ஒரு டி.வி. கடையில் பத்து வருடம் சால்டரிங் அயர்னைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. பி.பி. கருவி, உறிஞ்சும் மோட்டார், ஈ.சி.ஜி. மிஷின் எல்லாவற்றையும் திறந்து பார்த்தே கற்றுக்கொண்டேன்.

காலை ஏழரை மணிக்கு என் முதல் வேலை, ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு ஷாக் மிஷின்களையும் பார்ப்பது. மிஷினைப் போடுவேன். கைப்பிடிகளை அவற்றின் தொட்டிலிலேயே வைத்து, இருநூறில் சார்ஜ் ஏற்றுவேன். 'தயார்' என்று பச்சை எழுத்து வரும். இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துவேன். உள்ளே ஒரு சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்து அணையும். கம்பெனியின் குறிப்பேட்டில் சொல்லியிருந்த சோதனை அவ்வளவுதான். நோட்டில் தேதி போட்டு, மிஷின் எண் எழுதி, பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பதினான்கு வருடம் இப்படி எழுதினேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதானபோது பிரிவுக்கு ஓர் இன்ஜினியர் தலைவராக வந்தார். நசீமா பானு. இருபத்தாறு வயது. பேகம்பூர்ப் பெண்தான். அவருடைய அத்தா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். சென்னையில் மருத்துவக் கருவிகள் படிப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். என் மூத்த மகளைவிட ஏழு வயதுதான் மூத்தவர் என்பதால் எனக்கு உள்ளூர ஒரு முறுக்கு இருந்தது. அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை மேடம் என்பேன். இரண்டுமே முதல் சில மாதங்களில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தன.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். திறந்த மிஷினைத் தொடுமுன் இரண்டு கையிலும் இருக்கும் வளையல்களைக் கழற்றி, ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவார். ஒரு கையில் ஏறும் மின்சாரம் மறு கை வழியாக நெஞ்சைக் கடந்து போகக் கூடாது என்பதற்காக. பேனாவால் எதையும் எழுத மாட்டார், பென்சில்தான். நாம் சொல்வதைத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். நல்லது, கெட்டது எதுவும் சொல்ல மாட்டார். கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி: "எதை வச்சுச் சொல்றீங்க?" குரலில் குத்தல் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவசரப் பிரிவில் ஒரு பி.பி. கருவிக்குக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூ விவசாயி ஒருவர், பெருமாள் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெயர் எழுதுவதற்குள் சாய்ந்துவிட்டார். தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். திரையில் கோடு கிறுக்கலாக ஓடியது. அவசரப் பிரிவின் தலைவர் டாக்டர் இளங்கோ மிஷினை இழுத்தார். நர்ஸ் பிலோமினா தட்டுகளில் பசையைத் தடவிக் கொடுத்தார்.

இருநூறு. டாக்டர் அழுத்தினார். 'டக்' என்று சத்தம் வந்தது. பெருமாள் அப்படியே கிடந்தார்.

வழக்கமாக உடம்பு ஒரு தூக்குத் தூக்கி விழும். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டாக்டர் முந்நூற்று அறுபதுக்குத் திருப்பி மறுபடி அழுத்தினார். தோள்கள் மட்டும் லேசாக அசைந்தன. கோடு கிறுக்கலாகவே ஓடியது. டாக்டர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை, பிலோமினா வாசலைத் தாண்டி ஓடினார். மாடியிலிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏறிப்போய், அங்கிருந்த மிஷினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஒயர் தரையில் இழுபட, படியிறங்கி வந்தார். அந்த மிஷினால் மூன்றாவது முறை. பெருமாளின் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பி விழுந்தது. திரையில் கோடு நேராக ஓடியது. பிறகு ஒரு துடிப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

நான் கையிலிருந்த ரப்பர் குழாயைக் கீழே போட்டிருந்தேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

அவர் பிழைத்தார். ஆனால் முதல் இரண்டு ஷாக் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி வந்தது. கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நான் தினமும் செய்வதையே அவரும் செய்தார். விளக்கு எரிந்தது. மிஷின் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் இளங்கோ கெட்டவர் இல்லை. ஆனால் மிஷினில் குறையில்லை என்றால் மிச்சமிருப்பது பசைதான் என்று நினைத்தார். பசை சரியாகத் தடவாவிட்டால் மின்சாரம் தோலைத் தாண்டிப் போகாது. பிலோமினாவுக்கு மெமோ வந்தது. மூன்று வாரத்தில் விசாரணை.

அவர் என்னிடம் வந்தார். அழவில்லை.

"நான் நெறயத்தான் தடவுனேன்ணே. உங்க நோட்டுல சரின்னு இருக்காம்ல. அப்பத் தப்பு என் கையிலதான்னு சொல்றாக."

அவர் போன பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் கையெழுத்து. 'சரி' என்று அழகாகத்தான் எழுதியிருந்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு வழக்கமான கேள்வி.

"லைட் எரிஞ்சுச்சு மேடம்" என்றேன்.

"அந்த லைட் எரிய எத்தனை ஜூல் வேணும்ணே?"

தெரியாது. பதினான்கு வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பத்து ஜூலிலும் எரியுமோ என்னவோ. மேடம் தனக்கும் தெரியாது என்றார். அன்றைக்குத்தான் அவர் மேல் இருந்த முறுக்கு எனக்கு விட்டுப்போனது. தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு சாதாரணமாக ஒரு மேலதிகாரி சொல்லி நான் கேட்டதில்லை.

மிஷினிலிருந்து வெளியே வருவதை அளக்கும் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆறு மாதமாகும் என்றார்கள். எங்களுக்கு இருந்தது இருபது நாள். மேடம் ஒரு காகிதத்தை எடுத்துப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். "நாமளே கட்டிருவோமா அண்ணே?" என்று கேட்டபோது அவர் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சாரத்துக்கு மனித நெஞ்சு ஐம்பது ஓம் தடையாக நிற்கும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஆகவே ஐம்பது ஓம் ரெசிஸ்டர் ஒன்று நெஞ்சுக்குப் பதிலாக நிற்க வேண்டும். ஆனால் அதில் பாயப்போவது மூவாயிரம் வோல்ட். எந்த ஒற்றை ரெசிஸ்டரும் தாங்காது. ஐம்பது ஓம் ரெசிஸ்டர்களையே நூறு எடுத்துப் பத்துக்குப் பத்தாகக் கோத்தால் மொத்தத் தடை ஐம்பதாகவே நிற்கும், அடி நூறாகப் பிரிந்துபோகும். மதுரையில் ஒரு பழைய ரேடியோ சாமான் கடையில், தகர டப்பாவுக்குள் கிடந்த பழைய கார்பன் ரெசிஸ்டர்களைக் கிளறி நூற்று முப்பது எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து அளந்து, ஒத்துப்போன நூறைப் பொறுக்கினேன். இரண்டு நாள் சால்டரிங். முடிந்தபோது சின்ன ஓலைப்பாய் மாதிரி ஒன்று கையில் இருந்தது. இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தேன். ஐம்பது புள்ளி இரண்டு. ஒரு மனிதனின் நெஞ்சு என் உள்ளங்கையில் இருப்பதுபோல ஒரு எண்ணம் வந்தது. மேடத்திடம் சொல்லவில்லை.

அந்தப் பாயோடு ஒரு பெட்டியை இணைக்க வேண்டும். வருகிற வோல்ட்டை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து, அதிலிருந்து ஜூலைக் கணக்குப் போட இரண்டு சிப், கடைசியில் சிவப்பு எழுத்தில் எண் காட்டும் ஒரு மீட்டர். படம் மேடத்துடையது. கை என்னுடையது. பழைய துணி வைக்கும் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

புதிதாகக் கட்டிய எதையும் நேராகக் கரண்டில் சொருகக் கூடாது. டி.வி. கடையில் நான் கற்ற பாடம் அது. இடையில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை வைத்துச் சொருக வேண்டும். உள்ளே எங்காவது ஒயர் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பித்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் பல்பு ஒருமுறை மினுக்கி மங்கிவிடும். அதைச் சொன்னதும் மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். வளையல்கள் ஜன்னல் கட்டைக்குப் போயின. நான் சுவிட்சைப் போட்டேன்.

பல்பு அறை முழுக்க எரிந்தது.

அணைத்தேன். லென்ஸை வைத்து ஒரு மணி நேரம் தேடினேன். தலைமுடியைவிட மெல்லிய ஈயக் கம்பி ஒன்று, நான் வைத்த சால்டரிலிருந்து நீண்டு பக்கத்துச் செம்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பல்பு மினுக்கியது. மங்கியது. பெட்டியின் முகத்தில் சிவப்பாக மூன்று சுழி எழுந்து நின்றது.

எத்தனையோ டி.வி.க்கு உயிர் கொடுத்திருக்கிறேன். அவை யாரோ கட்டியவை, நான் பழுது பார்த்தவை. இது முந்தாநாள்வரை உலகத்தில் இல்லாத ஒன்று. இப்போது கண்ணைத் திறந்து சுழி என்று சொல்கிறது. சுழி என்றால், இன்னும் எனக்கு எதுவும் வரவில்லை என்று அர்த்தம். அது சரியான பதில்தான்.

அடுத்த நாள் முதல் ஷாக். மாடியிலிருந்த மிஷினை இறக்கிக்கொண்டு வந்தோம். காலுக்கடியில் ரப்பர் விரிப்பு. கட்டிலில் மனிதன் இருந்தால் எப்படிச் சொல்வார்களோ அப்படியே மேடம் "விலகு" என்று மூன்று முறை சொன்னார், அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தபோதும். இருநூறு. அழுத்தினார்.

பாயின் குறுக்கே நீலமாக ஒரு கோடு பாய்ந்தது. சாட்டை சொடுக்கியதுபோல் சத்தம். எண்கள் அணைந்துவிட்டன. கருகல் நாற்றம்.

மின்சாரம் ரெசிஸ்டர்கள் வழியாகப் போகாமல் காற்றிலேயே தாவிவிட்டது. இரண்டு சிப்பும் போயிற்று. மேடம் கருகிய இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "காத்து வேண்டாம்ணே, எண்ணெய்க்குள்ள போட்ருவோம்" என்றார். ஆஸ்பத்திரி டிரான்ஸ்பார்மருக்கு ஊற்ற வைத்திருந்த எண்ணெயில் கொஞ்சம் வாங்கினோம். மேடம் வீட்டிலிருந்து அகலவாய்க் கண்ணாடி ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். எத்தனை கழுவினாலும் அதில் எலுமிச்சை வாசம் போகவில்லை. ரெசிஸ்டர் பாயைச் சுருட்டி அதற்குள் இறக்கி எண்ணெயை ஊற்றினேன். மதுரைக்குப் போய்ப் புது சிப் வாங்கி வந்தேன். விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசைக்குப் போய்விட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுபடி மாடி மிஷின். மறுபடி மூன்று முறை "விலகு". மேடம் ஐம்பது ஜூலில் ஆரம்பித்தார். 'டக்'. எண்ணெயில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பெட்டியில் எண் எழுந்தது: நாற்பத்தேழு.

நூறு வைத்தார், தொண்ணூற்று நான்கு வந்தது. இருநூறு வைத்தார், நூற்றுத் தொண்ணூறு. எண் மாறுகிறதா என்று பார்க்க இருநூறிலேயே இன்னும் இருபது தடவை அழுத்தினார், மாறவில்லை. ஒரு ஆளையே கட்டிலிலிருந்து தூக்கிப்போடும் சக்தி, ஊறுகாய் ஜாடிக்குள் சத்தமில்லாமல் போய், ஓர் எண்ணாக வெளியே வந்தது. பதினான்கு வருடமாக நான் பார்த்தது அந்தப் பச்சை எழுத்தையும் சின்ன விளக்கையும்தான். அவற்றுக்குப் பின்னால் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு அமைதி, அது எனக்கு அந்தத் துணி அறையில் வந்தது.

பிறகு அவசரப் பிரிவு மிஷின். பச்சை எழுத்து 'தயார்' என்றது. இருநூறு. 'டக்'. அறுபத்திரண்டு.

மறுபடி அழுத்தினோம். அறுபத்திரண்டு. முந்நூற்று அறுபதுக்கு, நூற்றுப் பன்னிரண்டு.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பிலோமினாவைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலைக் கையில் எடுத்தார்.

"மிஷின் தயார்னு சொல்லுச்சு, நம்புனோம். இப்பப் பெட்டி அறுபத்திரண்டுன்னு சொல்லுது. பெட்டி எதை வச்சுண்ணே சொல்லுது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு வேலை போகப்போகிறது, இப்போதும் இப்படிக் கேட்டால் எப்படி என்றேன்.

"அதுக்குத்தான்ணே கேக்குறேன். நாளைக்கு இதையேதான் டாக்டர் கேப்பாரு. ரெண்டு பேரு துணி ரூமுல கட்டுன டப்பா சொல்லுதுன்னா அவரு ஏன் நம்பணும்?"

மிஷினை அணைத்துவிட்டு, சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். ஜாடியை நகர்த்தக் கையை வைத்தேன். லேசாக வெதுவெதுப்பாக இருந்தது.

"மேடம், இங்க தொட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் தொட்டார். கையை எடுக்கவே இல்லை. அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. போன ஜூல் எல்லாம் எங்கே போயிற்று? இங்கேதான், இந்த எண்ணெயில் சூடாக இருக்கிறது. சூட்டுக்கு எங்கள் சிப்பும் தெரியாது, எங்கள் சால்டரும் தெரியாது. அதைத் தெர்மாமீட்டரால் அளந்துவிடலாம்.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்தோம். முதலில் ஷாக் மிஷினே இல்லாமல், ஆம்புலன்ஸின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை அந்த ஐம்பது ஓமுக்குக் கொடுத்தோம். அது எவ்வளவு சக்தி தரும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இருபது நிமிடம் ஐம்பது விநாடிக்கு மூவாயிரத்து அறுநூறு ஜூல். எண்ணெய் ஐந்தரை டிகிரி ஏறியது. நன்றாக ஆறவிட்டு, மாடி மிஷினால் முந்நூற்று அறுபதில் பத்து ஷாக். ஜாடியிலிருந்து கசிந்துபோகும் சூடும் ஒரே அளவாக இருக்க, பேட்டரிக்கு ஆன அதே நேரத்தில் முடியும்படி, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் கொடுக்க வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக இருந்தார். ஏறியது ஐந்தேகால். ஒவ்வொரு ஷாக்குக்கும் பெட்டி சொன்ன முந்நூற்று நாற்பத்து மூன்றுக்கு அதுதான் வர வேண்டும். மறுபடி ஆறவிட்டோம். அவசரப் பிரிவு மிஷினால் பத்து ஷாக். நான் லென்ஸை வைத்துப் பாதரசத்தைப் பார்த்தேன். ஒன்றேமுக்கால் டிகிரிக்கு மேல் நகரவில்லை.

"பெட்டி சரி" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

பிறகு மிஷினைத் திறந்து கண்டன்சரை அளந்தோம். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். வோல்ட் என்னவோ முழுதாக ஏறிக்கொண்டிருந்தது. விசாரணை நாளில் இதை டாக்டர் இளங்கோவுக்குச் சொல்லும் பொறுப்பை மேடம் எனக்கே கொடுத்தார். எங்கள் ஊர்க் கண்மாய்தான் எனக்குக் கை கொடுத்தது.

"கண்மாய் தூந்துபோச்சுன்னா சார், மழை பேஞ்சதும் மடையில மட்டம் முழுசாத்தான் காட்டும். ஆனா முக்கால்வாசி மண்ணு. தொறந்துவிட்டா நாலு வயக்காட்டுக்குப் பாயாது. இந்த மிஷின் மட்டத்தைத்தான் பாத்துத் தயார்னு சொல்லுது. தண்ணி எம்புட்டுன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் தெனமும் சரின்னு எழுதிட்டேன்."

டாக்டர் தானே எழுந்து வந்து கைப்பிடிகளைப் பிடித்தார். இருநூறு வைத்தார், அழுத்தினார், அறுபத்திரண்டைப் பார்த்தார். மேடம் எதிர்பார்த்த அதே கேள்வியைக் கேட்டார். மேடம் தெர்மாமீட்டர்க் கணக்கை நீட்டினார். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அங்கேயே மெமோவைத் திரும்பப் பெறுவதாகத் தன் கைப்படவே எழுதினார். அதை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். எல்லா நர்ஸுகளுக்கும் முன்னால் பிலோமினாவிடம் கொடுத்து, "நீங்க சரியாத்தான் தடவியிருக்கீங்க சிஸ்டர். நீங்க மாடிக்கு ஓடலைன்னா அவரு இல்ல. அதை நான் முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். பிலோமினா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு நோயாளிக்குப் பாதியில் நின்றிருந்த ஊசியைப் போடப் போனார்.

மற்ற மூன்று மிஷின்களையும் ஒவ்வொன்றாக ஜாடியில் வைத்துப் பார்த்தோம். பிரசவ வார்டு மிஷினும் தேயத் தொடங்கியிருந்தது. இருநூறுக்கு நூற்று ஐம்பது. இரண்டுக்கும் புதுக் கண்டன்சர் போட்டோம். அந்த வாரத்திலிருந்து நோட்டில் மிஷின் எண்ணுக்குப் பக்கத்தில் ஜூலை எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெருமாள் மறுபரிசோதனைக்கு வந்தார். அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று மேடமும் டாக்டரும் முடிவு செய்திருந்தார்கள். நான்தான் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று துணி அறையில், புதுக் கண்டன்சர் போட்ட அவசரப் பிரிவு மிஷினுக்குப் பத்து ஷாக் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது முடிந்திருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் இரண்டு தடவை மிஷினில் வலு இல்லை என்பதையும், அன்று காலை அதற்குச் சரி என்று எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, ஜாடியைப் பார்த்தார்.

"அன்னைக்கு நடந்ததை ஊரே பேசுது. எம் பொண்டாட்டி தெனமும் சொல்றா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. ஒருக்கப் போட்டுக் காட்டுங்கண்ணே, பாத்துக்கிர்றேன்" என்றார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். பெருமாளை ரப்பர் விரிப்புக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னோம். மேடம் சார்ஜ் ஏற்றினார். மூன்று முறை "விலகு" என்றார். 'டக்'. முந்நூற்று நாற்பத்தெட்டு.

"இம்புட்டுத்தானா?" என்றார் பெருமாள்.

"இம்புட்டுத்தான்" என்றேன்.

மிஷினை அணைத்து, ஒயரைக் கழற்றிய பிறகு, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பூப்பறித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைக் கண்ணாடியின் மேல் வைத்தார். மற்றக் கை தானாகச் சட்டைக்குள் போய் நெஞ்சில் படிந்தது. அப்படியே வெகுநேரம் நின்றார். மேடம் தெர்மாமீட்டரைப் படிக்க வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் ஜாடியைத் திரும்பக் கேட்கவில்லை.

"ரெண்டும் ஒரே சூடுதாண்ணே" என்றார் பெருமாள்.